மகளுக்குத் தெரியாமல் அவள் கைப்பேசியைப் படித்துவிட்டேன், இனி எப்படிக் கேட்பது?

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் வசிக்கும் ஒரு தந்தையிடமிருந்து வந்த கடிதம் இது. குடும்பத்தை யாரும் இனங்காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கியிருக்கிறேன்.

அவர் பேருந்து ஓட்டுநர். பல நாள்களில் விடியுமுன்பே பணிமனைக்குப் போய்விட வேண்டும். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. மகளுக்கு 15 வயது, உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். மகனுக்கு 9 வயது. தொடக்கப்பள்ளி நாள்களில் மகள் வாய் ஓயாமல் பேசுவாளாம். இப்போது இணைப்பாட நடவடிக்கை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் குரல் வருகிறது, ஆள் வருவதில்லை. "இரண்டு பேரும் உழைத்துத்தான் அந்தக் கைப்பேசியை வாங்கிக் கொடுத்தோம். அது எங்கள் பிள்ளையை எங்களிடமிருந்து பிரித்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார்.

ஒரு நாள் அதிகாலை மூன்றரை மணிக்கு வேலைக்குக் கிளம்பியவர், சாப்பாட்டு மேசையில் மின்னேற்றியில் செருகிக் கிடந்த மகளின் கைப்பேசியைப் பார்த்தார். அதைத் திறக்கும் எண்கள் அவருக்குத் தெரியும். திறந்து படித்துவிட்டார்.

வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில், தீபாவளி நிகழ்ச்சிக்காக நடன ஒப்பனையுடன் நின்ற மகளின் படத்தை யாரோ வெட்டி ஸ்டிக்கராக்கியிருந்தார்கள். "விளக்கை அணை" என்று ஒருவர் எழுதினால் அடுத்து அந்த ஸ்டிக்கர் விழும். இருட்டில் பல் மட்டும்தான் தெரியும் என்பது அதன் பொருள். மகளின் நிறத்தைக் கேலி செய்கிறார்கள். அனுப்பியவர்களில் எல்லா இனப் பிள்ளைகளும் இருந்தார்கள். தமிழ்ப் பையன்கள் இருவரும் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மகள் சிரிக்கும் முகத்தைப் பதிலாகப் போட்டிருந்தாள். ஆனால் அன்று இரவு 1.40க்கு, இன்ஸ்டகிராமில் வேறு பெயரில் அவள் வைத்திருக்கும் இரண்டாவது கணக்கில், "நாளைக்குப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது" என்று எழுதியிருந்தாள். அப்படி ஒரு கணக்கு இருப்பதே தந்தைக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி: "அந்தப் படம் நான் முகநூலில் போட்டிருந்ததுதான்."

கைப்பேசியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மனைவி உட்பட யாரிடமும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, கணிதத்தில் மதிப்பெண் குறைந்ததைக் காரணம் காட்டிக் கைப்பேசியை ஒரு வாரம் பறித்து வைத்தார். மகள் பள்ளிப் பாடங்களுக்கான கற்றல் சாதனத்தில் (கணினியில்) தோழிகளுடன் பேசிக்கொண்டாள். அப்பாவுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

இப்போது அவர் கேட்பவை: மகள் சமூக ஊடகத்துக்கு அடிமையாகிவிட்டாளா? பள்ளியே கைப்பேசியைப் பூட்டிவைக்கச் சொல்லும்போது வீட்டிலும் பறித்துவிட்டால் என்ன? அவளுக்குத் தெரியாமல் கண்காணிப்புச் செயலி போடலாமா? ஆஸ்திரேலியாவைப் போல் இங்கும் தடை வரக் காத்திருப்பதா? காவல்துறைக்குப் போனால் அவள் பெயர் கெடுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, படித்ததைச் சொல்லாமல் இதைப் பற்றி அவளிடம் எப்படிப் பேசுவது?

ஐயா, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

படித்ததைச் சொல்லிவிடுங்கள்

சொல்லாமல் பேச வழியில்லை. "உன் வகுப்பில் எல்லாரும் நன்றாகப் பழகுகிறார்களா?" என்று பொதுவாகத் தொடங்கிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 15 வயதுப் பெண்ணுக்கு இரண்டாவது கேள்வியிலேயே விஷயம் விளங்கிவிடும். "என் போனைப் பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்பாள். இல்லை என்று நீங்கள் சொல்ல நேரும். பிறகு அந்தப் பொய்யையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே ஒரு பொய் நடுவில் நிற்கிறது. கணித மதிப்பெண்ணுக்காகத் தண்டிக்கப்பட்டதாகவே மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு வாரத்தை அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். கேலி செய்தவர்களை அவள் தினமும் வகுப்பில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கைப்பேசியைப் பறித்ததால் அவர்கள் எங்கும் போய்விடவில்லை. அவளை விட்டுப் போனது, இரவில் அழுதால் என்ன என்று கேட்கும் நான்கைந்து தோழிகள். நல்லவேளை, கற்றல் சாதனத்தில் அவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அதை நீங்கள் அடங்காமை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

பேசுவதற்கு உங்கள் ஓய்வு நாளைத் தேர்ந்தெடுங்கள். தம்பி பக்கத்தில் இருக்க வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்தால் அது விசாரணையாகிவிடும். கடைக்கு நடந்து போகும்போதோ பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ பேசுவது இந்த வயதினருக்குச் சுலபம். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: "அன்றைக்கு அதிகாலையில் உன் போனைத் திறந்து படித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தவறு. வகுப்புக் குழுவில் உன் படத்தை வைத்து அவர்கள் செய்வதைப் பார்த்தேன். கணக்கு மதிப்பெண்ணுக்காகத்தான் போனை வாங்கினேன் என்று சொன்னதும் உண்மையில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை." இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு "ஆனால்" என்று ஒரு சொல் வந்தாலும் முன்னால் சொன்னது அத்தனையும் வீண்.

அவள் முதலில் கோபப்படுவது நீங்கள் படித்ததற்காகத்தான், ஸ்டிக்கருக்காக அல்ல. கோபப்படட்டும். "நான் உன் அப்பா, பார்க்க எனக்கு உரிமையில்லையா?" என்ற வாக்கியம் அப்போது உங்கள் நாக்கு நுனிக்கு வரும். பெற்றவர் என்ற பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் அவளைத் தனியே சந்திக்கக் கூப்பிடுகிறார் என்றோ, உயிருக்கு ஆபத்து என்றோ சந்தேகம் வந்தால் கைப்பேசியைத் திறந்து பாருங்கள் என்று நானே சொல்வேன். அன்று அதிகாலை அப்படி எந்தச் சந்தேகமும் உங்களுக்கு இல்லை.

ஒன்று மட்டும் கவனம். இரவு 1.40க்கு அவள் எழுதிய வரியை அவளிடம் திருப்பிச் சொல்லாதீர்கள். அது உங்களுக்காக எழுதப்பட்டதல்ல. அந்தக் கணக்கு இருப்பது தெரியும், இனி எட்டிப் பார்க்கமாட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

"அவளே சிரிக்கும் முகம் போட்டிருக்கிறாளே, அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருக்குமோ?" என்றும் ஒரு சந்தேகம் உங்களுக்கு. இல்லை. கோபப்பட்டால் கேலியைத் தாங்கத் தெரியாதவள் என்று பெயர் வரும், ஸ்டிக்கர் இரண்டாகும். குழுவிலிருந்து வெளியேறினால் நாளை எந்தப் பாடத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும், குழு வேலையில் யார் எந்தப் பகுதி செய்வது என்ற தகவல்கள் கிடைக்காது. அவையும் அதே குழுவில்தான் ஓடுகின்றன. ஆகவே உள்ளேயே இருந்து சிரிக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி காணும் சிரிப்பு இது. உடன் சிரித்தாள் என்பதைச் சம்மதம் என்று எந்த ஆசிரியராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நிறக் கேலியில் தமிழ்ப் பையன்களும் சேர்ந்திருந்தது உங்களை அதிகம் புண்படுத்தியிருக்கிறது. எனக்கு வியப்பாக இல்லை. பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முதலில் நிறத்தைப் பற்றிப் பேசும் வீடுகள் நம்மிடம் இன்னும் உண்டு. அந்தப் பையன்கள் அதை வாட்ஸ்அப்பில் கற்றுக்கொண்டிருக்கமாட்டார்கள்.

அடிமை என்ற பட்டம் பொருந்துமா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதில் மின்விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. அதைக்கூட, வாழ்க்கையின் மற்ற பகுதிகள் கெடும் அளவுக்கு, வழக்கமாக 12 மாதமாவது நீடித்தால்தான் கோளாறு என்பார்கள். சமூக ஊடக அடிமைத்தனம் என்று தனியாக ஒரு நோய் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் சமூக ஊடகத்தால் யாருக்கும் கேடில்லை என்று நான் சொல்லவரவில்லை. முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் காணொளிகள், எழுந்து போக மனம் வராதபடி திட்டமிட்டுச் செய்யப்பட்டவைதான். ஆனால் அடிமை என்று முடிவுகட்டிவிட்டால் பறிப்பதைத் தவிர உங்கள் கையில் வேறு வழியே இருக்காது.

கதவுக்குப் பின்னால் அவள் என்னதான் செய்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னிடம் வரும் இந்த வயதுப் பிள்ளைகள் செய்வதைச் சொல்கிறேன். மூன்று நான்கு தோழிகள் வீடியோ அழைப்பில் சேர்கிறார்கள். கைப்பேசியைப் பென்சில் பெட்டியில் சாய்த்து வைக்கிறார்கள். திரையில் தெரிவது ஒருத்தியின் நெற்றி, இன்னொருத்தியின் மின்விசிறி, வேறொருத்தியின் கணக்கு நோட்டு. யாரும் பேசுவதில்லை. பக்கம் திருப்பும் ஓசை வரும், எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை ஒருத்தி "ஏழாவது கேள்விக்கு என்ன விடை?" என்பாள். இப்படியே இரண்டு மணி நேரம் போகும். வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு அது "இரண்டு மணி நேரம் போன்". பிள்ளைகளைக் கேட்டால் சேர்ந்து படித்தோம் என்கிறார்கள்.

பள்ளி, நடனப் பயிற்சி, துணைப்பாட வகுப்பு எல்லாம் முடிந்து வீடு சேரும்போது இருட்டிவிடுகிறது. தொடக்கப்பள்ளித் தோழிகள், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இக்குப் பிறகு திசைக்கொன்றாகப் பிரிந்துபோனவர்கள். நேரில் சந்திக்க வேண்டுமென்றால் பள்ளி விடுமுறை வரவேண்டும். இரண்டாவது கணக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய தோழிகள்தான் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதல் கணக்கில் நீங்கள் இருக்கிறீர்கள், இரண்டு அத்தைகள் இருக்கிறார்கள், ஊரிலுள்ள சித்தப்பாவும் இருக்கிறார். அங்கே அவள் எதை எழுத முடியும்? இரண்டாவது கணக்கு வைத்திருப்பதை வஞ்சகமாகப் பார்க்காதீர்கள். அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அதைத் தொடங்கும்போது எந்தப் பிறந்த ஆண்டைக் கொடுத்தாள் என்பது. பதின்ம வயதினர் கணக்குகளை இன்ஸ்டகிராம் தானாகவே தனிப்பட்டவையாக வைக்கிறது. தெரியாதவர்கள் செய்தி அனுப்புவதைத் தடுக்கிறது. இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகளை நிறுத்திவைக்கிறது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். 20 வயது என்று பொய்யாகப் பதிந்திருந்தால் இந்தக் காவல் எதுவும் அவளுக்குக் கிடைக்காது. திட்டாமல் கேட்டால் சொல்வாள், திருத்திக்கொள்வாள்.

பள்ளி விதியைப் பற்றி. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப்பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசியும் திறன் கைக்கடிகாரமும் கூடாது என்று கல்வி அமைச்சு அறிவித்தது உண்மை. நான் அதை வரவேற்கிறேன். பள்ளியில் தோழிகள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கைப்பேசி அவர்களைப் பிரிக்கிறது. வீட்டில் தோழிகள் எதிரே இல்லை, கைப்பேசிதான் சேர்க்கிறது. ஒரே விதியை இரண்டு இடத்திலும் அப்படியே பொருத்த முடியாது.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடப்புக்கு வந்தது. அங்கும் வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகள் தடைக்குள் வரவில்லை. அதாவது, உங்கள் மகளின் தோழிகள் இருக்கும் இன்ஸ்டகிராம் போயிருக்கும்; ஸ்டிக்கர் வந்த குழு அப்படியே இருந்திருக்கும். எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்காதீர்கள்.

ரகசியக் கண்காணிப்புச் செயலி வேண்டவே வேண்டாம். சக ஓட்டுநர் ஒருவர் பரிந்துரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வகைச் செயலிகளில் பல, பிள்ளையின் செய்திகளையும் படங்களையும் எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பித்தான் உங்களுக்குக் காட்டுகின்றன. மகளின் படம் கைமாறியதால் வந்த துன்பத்துக்கு அதைவிட அதிகமான படங்களைக் கைமாற்றுவது தீர்வாகாது. கூகல் ஃபேமிலி லிங்க் போன்றவை வேறு. அவை நேரத்தையும் செயலிகளையும் கட்டுப்படுத்தும், செய்திகளைப் படித்துக் காட்டாது, பிள்ளைக்கும் தெரிந்தே இயங்கும். அவற்றைக்கூட இப்போது, இந்த மனநிலையில், தொடங்காதீர்கள்.

ஸ்டிக்கருக்கு என்ன வழி?

நீங்கள் மகளிடம் கொடுக்கக்கூடிய வாக்கு "உனக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டேன்" என்பது. "எதுவுமே செய்யமாட்டேன்" என்று கொடுக்கக்கூடாது. அவள் அதைத்தான் கேட்பாள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுமையாக விளக்குங்கள்.

முதலில் சான்று. யார், எந்தத் தேதியில், என்ன அனுப்பினார்கள் என்பது தெரியும்படி அவளே கைப்பேசித் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் எடுக்க வேண்டாம். மறுபடி அவள் கைப்பேசி உங்கள் கைக்கு வரக்கூடாது. அவற்றைக் குடும்பக் குழுவிலோ பெற்றோர் குழுவிலோ போடாதீர்கள். அந்தப் பையன்களின் பெற்றோரை நேரடியாக அழைத்துப் பேசவும் வேண்டாம். அப்படிப் போன அழைப்புகள் பெரும்பாலும் "உங்கள் பெண் மட்டும் என்ன?" என்பதில் முடிகின்றன.

அடுத்து பள்ளி. வகுப்பாசிரியரையோ பள்ளி ஆலோசகரையோ நேரில் சந்திக்க நேரம் கேளுங்கள். அனுப்பியவர்கள் ஸ்டிக்கரை அழிக்க வேண்டும், இனி அனுப்பக்கூடாது, மகளை வகுப்பின் முன் நிறுத்தி விசாரிக்கக்கூடாது என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள். தண்டனை என்ன என்பதைப் பள்ளி முடிவு செய்யட்டும். நிறத்தையும் இனத்தையும் வைத்துச் செய்யும் கேலியைச் சிங்கப்பூரில் எந்தப் பள்ளியும் சிறு விஷயமாக ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்கினால் முதல்வரிடம் போகலாம், அதற்கு மேல் கல்வி அமைச்சும் இருக்கிறது.

செயலியிடம் புகார் செய்யலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்பு நடைமுறைக் கோட்பாடு ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், யூடியூப், எக்ஸ், உள்ளூர்க் கருத்துக்களமான ஹார்டுவேர்ஸோன் ஆகிய ஆறு தளங்களைக் கட்டுப்படுத்துகிறது. வாட்ஸ்அப் அந்தப் பட்டியலில் இல்லை. ஸ்டிக்கர் நாளை இன்ஸ்டகிராமுக்கோ டிக்டாக்குக்கோ தாவினால் உடனே அங்கே புகார் செய்யுங்கள். அவை புகாரைப் பெற்று நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவை.

காவல்துறை, நீதிமன்றம். 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாப்பளிக்கும் சட்டத்தின்படி, வேண்டுமென்றே ஒருவருக்குத் தொல்லையோ மனவேதனையோ உண்டாக்கும் வகையில் இழிவாகப் பேசுவது குற்றம். 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம். பாதுகாப்பு ஆணை கோரியும் விண்ணப்பிக்கலாம். அதற்கென்றே 2021 ஜூன் முதல் தனி நீதிமன்றம் இயங்குகிறது. 2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், இணையத்தில் தொல்லைக்கு ஆளானவர்கள் நாடக்கூடிய ஓர் ஆணையத்துக்கும் வழிசெய்கிறது. இவையெல்லாம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் 15 வயதுப் பிள்ளைகள், ஒரே வகுப்பு, பள்ளி இன்னும் தலையிடவே இல்லை என்ற நிலையில் முதல் அடியைக் காவல் நிலையத்தில் வைக்க நான் சொல்லமாட்டேன். பள்ளி தலையிட்ட பிறகும் தொடர்ந்தால் போகலாம். புகார் செய்வதால் பெண் பெயர் கெடும் என்ற அச்சத்தை விட்டுவிடுங்கள். கேலிக்கு ஆளானவள் அவள். அவள் பெயருக்கு இதில் கெட ஒன்றுமில்லை.

எதற்கும் காத்திருக்கக்கூடாத நிலைமை ஒன்று உண்டு. படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால், அல்லது மாற்றப்போவதாக மிரட்டினால், அன்றே காவல்துறைக்குப் போங்கள். போலியாக மாற்றிய அந்தரங்கப் படத்தைப் பரப்புவதும் இங்கே குற்றம்தான். அப்படிப்பட்ட படத்தைச் சான்றுக்காகக்கூட நீங்கள் யாருக்கும் அனுப்பாதீர்கள். கைப்பேசியையே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

முகநூல் படத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்துபோனதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. கேலி செய்தவர்கள் செய்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனாலும் மகள் பிறந்ததிலிருந்து போட்ட படங்கள் எல்லாருக்கும் தெரியும்படி அங்கே கிடக்கின்றன என்றால், அந்த அமைப்பை இன்றே மாற்றுங்கள். எவற்றை அழிப்பது என்பதை அவளிடம் கேளுங்கள். குளியல் தொட்டிப் படமும் முதல் பல் விழுந்த படமும் உங்களுக்குப் பொக்கிஷம்தான். அவளுடைய வகுப்புத் தோழர்கள் பார்க்கலாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

இரவில் விட்டுக்கொடுக்காதீர்கள்

இதுவரை நான் உங்கள் மகள் பக்கமே பேசியதாகத் தோன்றலாம். தூக்கத்தில் நான் உங்கள் பக்கம். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு 1.40க்கு விழித்திருந்தவள் காலை ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். கணித மதிப்பெண் சரிந்ததற்குச் சமூக ஊடகத்தைக் குற்றம் சொல்கிறீர்கள். தூக்கமின்மையையும் பயத்தையும் நான் முதலில் சந்தேகிப்பேன். பள்ளிக் கற்றல் சாதனங்கள் 2026 முதல் இயல்பாகவே இரவு 10.30க்கு அடங்கும்படி மாற்றப்பட்டுள்ளன. அந்த நேரத்தையே வீட்டில் எல்லாக் கைப்பேசிக்கும் வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கைப்பேசியும் என்றால் உங்களுடையதும்தான். படுக்கையில் குறுங்காணொளி பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டில் ஒரு நல்ல பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மகள் கைப்பேசியைப் படுக்கையில் வைத்துக்கொள்வதில்லை. நேரம் கழித்தாவது சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைக்கிறாள். பல வீடுகளில் இதற்காகவே பெரும் போராட்டம் நடக்கிறது. நீங்கள் திறந்து படித்தது தெரிந்ததும் அவளுக்கு வரும் முதல் எண்ணம், இனி அதை மேசையில் வைக்கக்கூடாது என்பதாகத்தான் இருக்கும். ஆகவே, திறக்கும் எண்களை அவள் மாற்றிக்கொள்ளட்டும் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அதற்கு ஈடாக, 1.40க்கு அல்ல, பத்தரைக்கு மேசைக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். இந்தப் பேரத்துக்கு அவள் ஒத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. வெறும் கட்டளைக்கு ஒத்துக்கொள்ளமாட்டாள்.

மகனைப் பற்றி இரண்டு வரி. அக்காவின் பழைய கைப்பேசியை அவனிடம் கொடுத்திருக்கிறீர்கள். 7 முதல் 12 வயதுக்குப் பள்ளி வேலை தவிர்த்த திரை நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணிக்குள் இருக்க வேண்டும், சமூக ஊடகம் கூடாது என்பது 2025இல் வெளியான சுகாதார அமைச்சின் வழிகாட்டி. அவனிடமிருந்து தாராளமாக வாங்கி வைக்கலாம். அக்கா முன்னிலையில், அவள் தவறு செய்ததால்தான் தம்பிக்கும் போயிற்று என்று தோன்றும்படி மட்டும் செய்துவிடாதீர்கள்.

நீங்கள் பேசிய பிறகும் அவள் சாப்பிட மறுத்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், எதிலும் நாட்டமில்லாமல் கிடந்தால், பள்ளி ஆலோசகருடன் நிறுத்தாமல் அருகிலுள்ள குடும்ப சேவை நிலையத்தையோ இந்தியர்களுக்கான சுய உதவி அமைப்பான சிண்டாவையோ நாடுங்கள். மனநல உதவிக்கான தேசிய எண் 1771. அவளே பேச விரும்பினாலும் அழைக்கலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு வார்த்தை வந்தாலும் மற்ற அனைத்தையும் ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் இருங்கள். 1767 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

மனைவியிடம் எப்போது சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மகளிடம் பேசுவதற்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். இத்தனை வாரம் மறைத்ததற்குக் கோபம் வரும், அதற்கு அவருக்கு உரிமையிருக்கிறது. அவர் ஆசிரியை, பெற்றோர் எப்படிப் பேசினால் பள்ளியில் காதுகொடுத்துக் கேட்பார்கள் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பள்ளிச் சந்திப்புக்கு அவரும் வரட்டும். அதிகாலை வேலை இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி கேளுங்கள். தூக்கக் கலக்கத்தோடு போய் உட்கார வேண்டாம்.